அவலாஞ்சி ஓடையில் உங்கள் பித்தளைத் தகடு

என் ராசா, எம்பட அண்ணா,

மூன்று மீன்! ஆற்றுக் கெண்டை இல்லை, உங்கள் துரை உயிரை விடுகிற அதே டிரவுட் மீன். அவலாஞ்சி ஓடையில், நீங்கள் வெட்டிய தகட்டை வைத்து, நானே பிடித்தேன். கேட்கிறதா உங்களுக்கு? ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. உங்களுக்குச் சொல்லாமல் சோறு இறங்கவில்லை.

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி மலையில் எஸ்டேட் துரைக்குக் காரோட்டிக்கொண்டிருந்தீர்கள். லீவில் அனுப்பர்பாளையத்தில் நம் பாத்திரப் பட்டறைக்கு வந்தபோது துரையின் சீமைத் தூண்டில் ஒன்றைக் காட்டினீர்கள். கம்பியில் கோத்த வேப்பிலை அளவுத் தகடு, பின்னால் முள். தண்ணீரில் இழுத்தால் தகடு கிறுகிறுவென்று சுற்றும். குட்டி மீன் ஓடுகிறது என்று நினைத்து டிரவுட் வந்து கவ்வும். ஸ்பின்னர் என்றீர்கள்.

"இதென்ன பெரிய வித்தை அம்மணி? நம்ம பட்டறைத் தகட்டுக்கும் மீன் கடிக்கும்னு தொரைகிட்டச் சொல்லிப்போட்டு வந்திருக்கேன்" என்று, குடம் தட்டி மிஞ்சிய பித்தளையில் பெரிசும் சிறிசுமாக ஆறு தகடு வெட்டினீர்கள். வெட்டி முடித்துவிட்டு என்னைத்தான் பார்த்தீர்கள். "இதை வெளக்கிப்போடாத கண்ணு. மங்கலாவே இருக்கட்டும். தெளிஞ்ச தண்ணியில மினுக்குனா மீன் மெரண்டு ஓடிரும்."

நான் கேட்டேனா? குடமோ கரண்டியோ, புளி போட்டு விளக்காமல் நம் பட்டறைப் பித்தளை ஒன்றாவது வெளியே போனதுண்டா? அது என் வேலை, என் கௌரவம். நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் புளியும் செங்கல் பொடியும் போட்டு ஆறையும் தேய்த்துத் தங்கமாக்கிப் பொட்டலம் கட்டிவிட்டேன். "ஓடைக்கரையில போயிப் பிரிங்கண்ணா" என்று பெருமை வேறு!

ஓடைக்கரையில்தான் பிரித்தீர்கள். உச்சி வெயில், கூழாங்கல் தெரிகிற தண்ணீர். ஒரு மீன்கூட அண்டவில்லை. துரையும் கூட்டாளிகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். அன்றிலிருந்து எஸ்டேட்டில் உங்களுக்குக் 'குத்துவிளக்கு' என்று பெயர். அந்தப் பெயரோடு இரண்டு வருஷம் காரோட்டியிருக்கிறீர்கள். எனக்கு வந்த கடுதாசியில் 'மீன் சரியாகக் கடிக்கவில்லை' என்று ஒற்றை வரி.

மார்ச்சளி கண்டு நீங்கள் கண்ணை மூடிய பிறகு, உங்கள் பெட்டியைக் கொண்டுவந்த எஸ்டேட் சமையல்காரர்தான் எல்லாம் சொன்னார். "ஏனுங்க வாயத் தொறக்காம நிக்கறீங்கன்னு கேட்டேனுங்கம்மா. எந்தங்கச்சி ஆசையா வெளக்கிக் குடுத்தது, அதைப் போயி எப்படிக் கொறை சொல்றதுன்னாருங்க."

பாவி நான்! ஏண்ணா, என்னை நாலு திட்டுத் திட்டியிருந்தால் என்ன? அன்றைக்கே முடிவு செய்தேன். உங்களைப் பார்த்துச் சிரித்த அதே ஓடையில் உங்கள் தகடு மீன் பிடிக்க வேண்டும்.

பெட்டியில் ஆறு தகடும் இருந்தன, தாமாகவே கறுத்துப்போய். அப்படியே விட்டேன். கை சும்மா இருக்குமா? ஒன்றை மட்டும் விளக்கிவிட்டேன். உங்கள் தூண்டில் கழியை எடுத்துக்கொண்டு ஊர்க் குளத்தில் ஒரு மாதம் வீசிப் பழகினேன். "ஏனுங்க, உங்கூட்டு அம்மணிக்கு என்னாச்சுங்க?" என்று உங்கள் மாப்பிள்ளையைக் கேட்காத ஆளில்லை. "அவ அண்ணன் பேரைக் காப்பாத்தறாளுங்க" என்றார் அவர். நல்ல மனுஷனுக்குத்தான் என்னைக் கட்டிக்கொடுத்திருக்கிறீர்கள்.

இருவரும் மலையேறினோம். அந்த ஓடையில் தூண்டில் போடத் துரை ஒரே ஒரு காலைப்பொழுது கொடுத்தார். பழைய கூட்டாளிகளும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். பெரிய தகட்டுக்குப் பெரிய மீன் வருமென்று முதலில் பெரிசைப் போட்டேன். கனம் தாங்காமல் நேராக அடிக்குப் போய்ப் பாறையில் சிக்கிப் போயே போய்விட்டது. சிரிப்புச் சத்தம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, இருப்பதிலேயே சிறிய மங்கல் தகட்டை எடுத்தேன். மேல்தண்ணீரில் வீசி, ஓட்டத்தைவிடக் கொஞ்சம் வேகமாக இழுத்தேன். வெடுக்கென்று ஒரு இழுப்பு! ஐயோ அண்ணா, கழி வில்லாக வளைந்தது. ஒன்று. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

பிறகு மழை கொட்டியது. ஓடை டீத்தண்ணீர் நிறமாயிற்று. மங்கல் தகட்டை மாற்றி மாற்றி வீசியும் ஒன்றும் அசையவில்லை. கலங்கின தண்ணீரில் மீனுக்குத்தான் கண் எங்கே தெரியும்? அப்போதுதான் விளக்கின தகடு ஞாபகம் வந்தது. அதைப் போட்டேன். முழங்கை நீளத்துக்கு ஒன்று வந்தது பாருங்கள், உங்கள் மாப்பிள்ளை இடுப்பளவுத் தண்ணீரில் குதித்தல்லவா அள்ளினார்!

துரை தொப்பியைக் கழற்றிவிட்டார். "யார் செஞ்ச தகடு?" என்றார்.

"எங்க அண்ணன் செஞ்சதுங்க தொரை. அன்னைக்கும் அவர் செஞ்சது சரிதானுங்க. வேண்டாம்னு சொன்னதைக் கேக்காம வெளக்கிக் கெடுத்தது நானுங்க. தெளிஞ்ச தண்ணிக்கு மங்கல், கலங்குன தண்ணிக்கு மினுக்கல், சின்ன ஓடைக்குச் சின்னது. அவருக்கு அத்தனையும் தெரியுமுங்க. என்னைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமத்தான் உங்க சிரிப்பைத் தாங்கிக்கிட்டாருங்க."

துரை கூட்டாளிகள் பக்கம் திரும்பி, "மிஸ்டர் சின்னச்சாமி நல்ல தகடு செஞ்சான்" என்றார். 'செஞ்சான்' என்றதை மன்னித்துவிட்டேன் அண்ணா, 'மிஸ்டர்' என்றாரே! அங்கேயே நின்று ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

இது சத்தியம். அந்த ஓடைக் கதையை இனி யார் எங்கே எடுத்தாலும், தப்பு என்னுடையது என்று முதலில் எழுந்து சொல்வது நானாகத்தான் இருக்கும். எனக்காக நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

சொன்ன பேச்சைக் கேட்காத உங்கள் கூடப்பிறந்தவள்,
பொன்னாத்தாள்