கணுக்கால் அளவுத் தண்ணீர்

மே 18, ஞாயிறு

இன்றோடு என் பாதைக்கு நாற்பத்தோரு பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் கிளம்பி ஆற்றங்கரையோடு போய், மருதந்துறையில் ஆற்றுக்குக் குறுக்கே தாழக் கிடக்கும் சப்பாத்துப் பாலத்தைத் தாண்டி, வாழைத் தோட்டங்களுக்குள் புகுந்து திரும்பும் இருபத்திரண்டு கிலோமீட்டர். சைக்கிள்காரர்களின் செயலியில் அதை வரைந்து போட்டது நான். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்காரும் வேணிக்கு இந்த வயதில் சைக்கிள் எதற்கு என்று கேட்டவர்கள் இப்போது வந்து பார்க்கட்டும்.

'சப்பாத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுதான், சைக்கிளை விட்டு இறங்கவே வேண்டாம்.' இந்த வரி எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. சென்னைக்காரர் ஒருவர் மட்டும், வருஷம் முழுக்க அப்படித்தானா என்று கேட்டிருந்தார். வீட்டுக்காரர் பாலுவிடம் காட்டிச் சிரித்தேன். அணை திறந்தால் சப்பாத்து முங்கும் என்பது இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். இதைக்கூடவா எழுத வேண்டும்? பதில் போடவில்லை.

மே 29

கூடங்குளத்திலிருந்து டைட்டஸ் என்று ஒருவர். பத்து வயது மகளை அழைத்து வரலாமா என்று கேட்கிறார். 'தாராளமாக வாங்க' என்று போட்டேன்.

ஜூன் 4

கார் நெல் சாகுபடிக்கு அணை திறந்தாயிற்றாம். பாலு பேப்பரைப் பார்த்துச் சொன்னார். அப்பாடா, இனிக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வரும் என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

மூன்று மணி. செயலியில் யாரோ எழுதியிருக்கிறார்கள்: 'இன்று காலை மருதந்துறைச் சப்பாத்தில் ஒரு அப்பாவையும் மகளையும் ஆறு இழுத்துவிட்டது. டீக்கடைக்காரர் கயிறு போட்டு ஏற்றினார். பிள்ளைக்குக் கை முறிந்திருக்கிறது.'

டைட்டஸா? டைட்டஸ்தான். வேறு யாராக இருக்கும்?

எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? அணை திறந்தாச்சுன்னு சொன்னப்பவாவது ஞாபகம் வந்துதா? குழாய்த் தண்ணி! குழாய்த் தண்ணியத்தான் நெனச்சேன்.

பிள்ளை உயிரோடு இருக்கு. இருக்குல்லா? இருக்கு.

அதே நாள், ஐந்து மணி

கணுக்கால் வரியை எடுத்துவிட்டேன். 'அணை திறந்திருக்கும் மாதங்களில் சப்பாத்தில் இறங்கவே கூடாது' என்று எழுதிவிட்டேன். அந்தச் செயலியில் பழைய எழுத்து நிற்காது. மாற்றியது யாருக்கும் தெரியாது. இனி வருகிறவர்களுக்கு நல்லதுதானே, அதற்காகத்தான் செய்தேன்.

அதற்காக மட்டுமா, வேணி?

ஜூன் 10

லீவு போட்டுவிட்டுப் பஸ்ஸில் மருதந்துறை போனேன். சைக்கிளைத் தொடப் பிடிக்கவில்லை. சப்பாத்து இருந்த இடமே தெரியவில்லை. தண்ணீர் சத்தமே இல்லாமல் போகிறது.

டீக்கடைக்காரர் சிராஜுதீன். அறுபது வயதிருக்கும். வலது உள்ளங்கையில் கயிறு அறுத்துத் தோல் உரிந்து கிடக்கிறது. இடது கையால்தான் டீ ஆற்றினார்.

"கடக்கரை ஆளும்மா அவரு, அவருக்கு ஆத்தப் பத்தி என்ன தெரியும்? கணுக்கால் அளவுன்னு போன்ல போட்டுருக்குன்னு அழுதாரு. எழுதுனவன் நம்ம பக்கத்து ஆளாத்தான் இருக்கணும். அவன் மட்டும் இங்கன வரட்டும், நாக்கப் பிடுங்குத மாதிரி நாலு கேக்கணும்."

அவன் இல்லை, அவள். உங்கள் முன்னால்தான் நிற்கிறாள். அதைச் சொல்லாமலே டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 13

டைட்டஸ் எழுதியிருக்கிறார். திட்டித்தான் எழுதியிருப்பார் என்று திறந்தேன். திட்டியிருக்கலாம்.

'பாதையில் குறை ஒன்றும் இல்லை. எச்சரிக்கை தெளிவாகவே இருக்கிறது. கணுக்கால் அளவு என்று படித்ததாக எனக்கு ஞாபகம். எங்கே படித்தேன் என்றுதான் தெரியவில்லை. தப்பு என்மேல். பிள்ளைகளோடு வருகிறவர்கள் என்னைப் போல் இல்லாமல் ஒழுங்காகப் படித்துவிட்டு வாருங்கள்.'

அதன் கீழே அவர் மனைவி ஜாய்சி: 'இத முன்னாடியே படிச்சிருக்கலாம்ல?' ஊரே பார்க்கிற இடத்தில்.

ஜூன் 14

பாலுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏட்டி, நீ என்ன வேணும்னா செஞ்சே? பிள்ளதான் பொழச்சுட்டுல்லா. பேசாம இரி. கவர்மெண்டு வேல பாக்கே, நாளைக்குக் கேசு கீசுன்னு வந்தா என்ன செய்வே?"

அவர் பயப்படுவதும் எனக்காகத்தான். ஆனால் அங்கே ஒரு மனுஷன், தன் கண்ணால் படித்ததைத் தானே நம்பாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? அப்பா சரியாப் பாக்காம என்னைக் கூட்டிட்டுப் போயிட்டார்னுதானே, காலம் முழுக்க? முதலில் செய்தது கவனக்குறைவு. இரண்டாவது செய்தது? அது என்ன வேணி, அதுக்கு என்ன பேரு?

ஜூன் 15

நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் அழித்தேன்.

ஜூன் 16

போட்டுவிட்டேன். பாதையின் தலைப்பிலேயே, என் பெயரும் போன் நம்பரும் சேர்த்து.

'டைட்டஸ் சரியாகத்தான் படித்தார். ஜூன் எட்டாம் தேதி சாயங்காலம் வரை இங்கே கணுக்கால் அளவு என்றுதான் இருந்தது. எழுதியவள் நான். விபத்து தெரிந்த பிறகு சத்தமில்லாமல் மாற்றியவளும் நான். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.'

பாலு சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டார்.

ஜூன் 17

கொலைகாரி என்று ஒருவர். சைக்கிளை விற்றுவிட்டு வீட்டில் கிட என்று ஒருவர். நட்சத்திரம் மளமளவென்று இறங்குகிறது. டைட்டஸிடமிருந்து ஒன்றும் இல்லை.

மத்தியானம் கவுண்டரில் இருக்கும்போது ஜாய்சி போனில் கூப்பிட்டாள்.

"நீங்க எழுதுனத அவரு சத்தமா வாசிக்கச் சொன்னாரு. ரெண்டு தடவ வாசிச்சேன். ஒங்கள நான் மன்னிக்கல்லாம் இல்ல, கேட்டியளா. பத்து நாளா அவர நான் என்னென்ன பேசிட்டேன்..."

அழுதாள். வைத்துவிட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

சிராஜுதீனிடம் போய்ச் சொன்னேன். நாலு கேட்பார் என்று நின்றேன்.

"அன்னைக்கு நின்னுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான போனீய?" என்றார். அந்த ஒன்றே போதுமாக இருந்தது. கிளம்பும்போது ஒரு சீட்டில் தன் நம்பரை எழுதித் தந்தார். "இதையும் அதுல போடுங்க. வாரவன் என்னட்ட கேட்டுட்டு எறங்கட்டும்."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாதையில் புதிதாக ஒரு கேள்வி. மதுரைக்காரர்: 'குழந்தைகளோடு வரலாமா?'

பதில் எழுத உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் டைட்டஸ் எழுதியிருந்தார்:

'இப்போது வேண்டாம். தண்ணீர் வடிந்த பிறகு வாருங்கள். கிளம்புமுன் சிராஜுதீன் பாய்க்குப் போன் போடுங்கள். வேணியையும் கேட்கலாம், பாயைக் கேட்டுவிட்டு. என் மகளுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. பாதையை முடிக்கணும் என்கிறாள், ஏப்ரலில் வருகிறோம்.'

இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தார்.

பாலு எட்டிப் பார்த்துவிட்டுக் காற்றடிக்கும் பம்பை எடுத்து வந்து வைத்தார். இரண்டு டயரிலும் காற்றே இல்லை. அடித்தேன்.