வாய் மடக்கும் வேலை

செப்டம்பர் 6, சனி
காலையிலிருந்து வெர்லின் கராஜில். மர ஆலை ஓய்வு கொடுத்த நாளிலிருந்து என் கணவருக்கு அதுதான் ஆபீஸ், அதுதான் தேவாலயம். ரிவால்வர் தோட்டாக்களைத் தானே செய்கிறார். சாப்பாட்டு மேஜையில் பிரசங்கம்: பித்தளைக் குழாயின் வாயில் குண்டைச் செருகி, விளிம்பை உள்ளே சுருட்டி மடக்கினால்தான் அது அசையாதாம், சும்மா ஒடுக்கி விடுகிறவன் சோம்பேறியாம். அந்தச் சோம்பேறி என் தம்பி கோர்டன். அவன் துப்பாக்கி வேறு ரகம், அதற்கு ஒடுக்குவதுதான் சரி. முப்பது வருஷம் கேட்டால் மாட்டுக்கும் இதெல்லாம் தெரிந்துவிடும்.

செப்டம்பர் 13
செய்ததில் பாதி, மிதிபட்ட சோடா டின் மாதிரி நசுங்கிக் கிடக்கிறது. குற்றவாளி: தோட்டாவை அழுத்தும் பிரஸ். போன வாரம் பித்தளை. அதற்கு முன்னால் நான் – கதவைச் சத்தமாகச் சாத்தினேனாம்.

செப்டம்பர் 20
சுடும் திடலில் இரண்டு முறை சுட்டதும் ரிவால்வரின் உருளை சுழலாமல் நின்றுவிட்டது. சுட்ட அதிர்வில் அடுத்த தோட்டாவின் குண்டு நழுவி வெளியே எட்டிப் பார்த்து, உருளையைத் தடுக்கிறது. கோர்டன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. குழாயெல்லாம் ஒரே நீளமில்லை, அதனால்தான் சிலது நசுங்குது, சிலது பிடிக்கவே மாட்டேங்குது என்றான்; அளந்தீங்களா என்று கேட்டான். அளந்தேன் என்றார் வெர்லின். வேட்டைக்குப் போகிற மலையில் கரடி வந்து, ரிவால்வர் நின்றுபோனாலும் இப்படித்தான் – கொஞ்சம் பொறு என்று அதனிடம் சொல்வாராயிருக்கும்.

செப்டம்பர் 21
அவர் அளக்கவே இல்லை. கராஜுக்குக் காப்பி கொண்டுபோனேன். அளவுக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.
"எத்தனை காட்டுது?" என்றேன்.
"நீயே பாரேன்."
பார்த்துச் சொன்னேன். எவ்வளவு நாளா இப்படி என்று கேட்டேன்.
"பனி உருகினதுலேருந்து. நடுவுல ஒரு கறை. நீ நேரா நின்னா, உன் முகம் இருக்கிற இடத்துல."
நல்லதாப் போச்சு, எனக்கு வயசாகுறது தெரியாது என்றேன். எனக்கு வேறென்ன பேசத் தெரியும்? இத்தனை மாசமா எந்த முகத்தைப் பார்த்துடா சண்டை போட்டே, பாவி.

செப்டம்பர் 30
கோளாறு விழித்திரையின் நடுப்பகுதியிலாம், கண் டாக்டர் சொன்னார். ஊசி போட்டால் மேலும் கெடாமல் பார்க்கலாம், போனது போனதுதான். திரும்பும்போது வண்டியை நான் ஓட்டினேன். வழி நெடுக குறை சொன்னார். வாயில் ஒரு கோளாறும் இல்லை.

அக்டோபர் 25
எல்க் மான் வேட்டையின் முதல் நாள். ரிவால்வர் என் இடுப்பில். உள்ளே இருப்பதெல்லாம் நான் அளந்து, நான் மடக்கியவை. ஒவ்வொன்றின் விளிம்பையும் நகத்தால் தடவிப் பார்த்துத்தான் வெர்லின் விட்டார். இரண்டை வேண்டாமென்று தள்ளிவிட்டார், மகாராஜா. கோர்டன் முன்னால் போனான். வெர்லின் என் பை வாரைப் பிடித்துக்கொண்டு பின்னால்.
"மெதுவா நட, மார்லிஸ்," என்றார்.
மெதுவாகத்தான் நடந்துகொண்டிருந்தேன்.