மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடம்

மதினி,

இன்று காலை கீரமங்கலத்தில் பஸ் ஏறியதும், ஈரச்சாக்கில் கட்டிய மல்லிகை மூட்டைகளின் வாசம் டீசலோடு கலந்து வந்தது. உடனே உங்கள் ஞாபகம்தான். எப்போதும் மூட்டைகளுக்குப் பக்கத்து சீட்டைத்தான் பிடிப்பீர்கள். சும்மா கிடைக்கிற வாசத்தை விடுவானேன் என்பீர்கள். அந்த சீட்டில் இன்று என் மகள் உட்கார்ந்தாள். மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ள அவளைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போகும் அதே பயணம்தான்.

கிளம்புகிறவர்களிடம் எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது நம் தெரு வழக்கம். அதனால் "தூரமா?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். கோயிலுக்கு என்று சொல்லி நான் தலையைக் குனிந்துகொள்வேன். பெண் பிள்ளைக்கு நோய் என்று ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற பயம். வராத நாள் அதிகம் என்று பள்ளிக்கூடத்தில் குறை சொன்னபோது, நானே வீட்டில் சொல்லிக்கொடுத்துக்கொள்கிறேன் என்று வீறாப்பாகக் கூட்டி வந்துவிட்டேன். குவைத்திலிருந்து உங்கள் தம்பி போனில் சத்தம் போட்டார். நான் சொல்லிக்கொடுத்த லட்சணமும் உங்களுக்குத் தெரியும். புத்தகத்தை விரித்தாலே அவளுக்கு வயிற்றுவலி. ஆஸ்பத்திரி நாள் நெருங்கினால் காய்ச்சலே வந்துவிடும். இவள் எழுதப் படிக்கத் தெரியாமலே போய்விடுவாளோ என்று நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன்.

துணைக்கு வருகிறேன் என்று நீங்கள் கிளம்பிய முதல் நாள், எதிர்வீட்டு அக்கா தூரமா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டீர்கள்.

"பள்ளிக்கூடத்துக்குப் போறோம் ஆத்தா. மாசம் ஒருநா பள்ளிக்கூடம்."

அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் புரிந்தது. நீங்கள் பாடம் எதுவும் நடத்தவில்லை, வாய் கூசாமல் பொய் சொன்னீர்கள். மைல்கல்லைப் பார்த்து, புதுக்கோட்டை இன்னும் நூறு கிலோமீட்டர் என்றீர்கள். வடகாட்டில் பலாப்பழம் மண்ணுக்குள்தான் காய்க்கும் என்று சாதித்தீர்கள். அத்தைக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று இவள் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்தாள். உங்களைத் திருத்துவதற்காகவே கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பை எப்போது தீரும் என்று நீங்கள் ஒரு நேரம் அடித்துவிட, இறங்கும் சொட்டுகளை எண்ணிக் கணக்குப் போட்டு அதுவும் தப்பு என்றாள். அன்றைக்கு அவள் அழ மறந்தே போனாள். பிறகு மாதம் தவறாமல் நீங்கள் வர, அடுத்த முறை உங்களை மடக்குவதற்காக இவள் வீட்டிலும் தானாகவே புத்தகத்தை விரிக்க ஆரம்பித்தாள்.

ஒருமுறை மட்டும் நிஜமாகவே கோட்டை விட்டீர்கள். திரும்பும்போது பேச்சு சுவாரசியத்தில் அறந்தாங்கி பஸ்ஸில் ஏறி எங்களையும் ஏற்றப் பார்த்தீர்கள். இவள்தான் பலகையைப் படித்துவிட்டு உங்கள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்த, எறங்குங்க. இது நம்ம பஸ்ஸு இல்ல."

வேண்டுமென்றேதான் ஏறினேன், படிக்கிறாளா என்று பார்க்கத்தான் என்றீர்கள். கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லையே மதினி. தூக்கத்திலேயே நீங்கள் போய்ச் சேர்ந்த அன்று, இனி யாரிடம் தப்புக் கண்டுபிடிப்பேன் என்று கேட்டு இவள் அழுதாள்.

போன வாரம் அவளை ஆறாம் வகுப்பில் சேர்த்தேன். தலைமையாசிரியை ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார், கணக்குக் கொடுத்தார். தடங்கலில்லாமல் செய்தாள். இதுவரை எங்கே படித்தாய் என்று அவர் கேட்டார். பழைய பழக்கத்தில் எதையோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். உங்களைப் போலவே அவள் முந்திக்கொண்டாள்.

"பஸ்ஸுல படிச்சேன் டீச்சர். மாசம் ஒருநா எனக்கு ரத்தம் ஏத்தணும். அன்னைக்கு மட்டும் லீவு வேணும். அந்தப் பள்ளிக்கூடத்த விட முடியாது."

அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். எனக்கு அங்கேயே கண்ணீர் கொட்டியது. ஜெயித்துவிட்டோம் மதினி.

இன்று கிளம்பும்போது எதிர்வீட்டு அக்கா தூரமா என்றார். பிள்ளைக்கு ரத்தம் ஏற்றப் போகிறோம் என்று நிமிர்ந்தே சொன்னேன். பஸ்ஸில் உங்கள் வேலையை இப்போது நான்தான் பார்க்கிறேன். ஆலங்குடி தாண்டியதும், இனிமேல் கடல் வந்துவிடும், அடுத்தது ஜெகதாப்பட்டினம்தான் என்றேன். ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அத்த மாதிரி ஒனக்குப் பொய் சொல்ல வரலம்மா. பரவால்ல, சொல்லிக்கிட்டே வா."

புதுக்கோட்டை வரும்வரை சொல்லிக்கொண்டே போனேன்.