சிஸ்டம் என்று நான் சொன்னது

உன்னை எழுப்பவில்லை. எழுப்பினால் நேற்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பாய். குக்கரில் சாதம் இருக்கிறது. சாவி செருப்பு அலமாரி மேல்.

நான் உன்னை ஏமாற்றவில்லை. "சிஸ்டத்துக்கு அட்வான்ஸ் கட்டிட்டேன்" என்றுதான் சொன்னேன். தலையில் ஒட்டுகிற முடிக்கு அந்தக் கடையில் அதுதான் பேர். விக் என்று சொல்ல எனக்கு வாய் கூசியது. நீ அதைக் கம்ப்யூட்டர் என்று எடுத்துக்கொண்டு மகளிடமும் சொல்லிவிடுவாய் என்று நான் என்ன கனவா கண்டேன்?

அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டார்களாம். என் மண்டைக்கு அளவெடுத்து வெட்டியாயிற்று, வேறு யாருக்கும் பொருந்தாது. இன்றைக்கு ஒட்டுகிறார்கள். அதோடு முடியாது. மாதாமாதம் பசை, கழுவி மறுபடி ஒட்டக் கூலி, வருஷம் திரும்புவதற்குள் புது முடி. இப்போதே சொல்லிவிட்டேன், அப்புறம் மறைத்தேன் என்று குதிக்காதே.

"இருக்கற தலைக்கு இப்ப என்ன கேடு?" என்று கேட்டாயே. டிக்கெட் கவுண்டரில் சில்லறை எடுக்க நான் குனியும்போதெல்லாம் வரிசையே என் உச்சந்தலையைத்தான் பார்க்கிறது. உனக்கு எங்கே தெரியும்?

நீ வரச்சொன்ன இன்டர்நெட் ஆள் காலையில் வருவார். ஏதாவது சொல்லி அனுப்பிவிடு.

பி.கு.: செருப்பு மாட்டும்போதுதான் பார்த்தேன். ஜன்னலோர மேசையை மகள் துடைத்து வைத்திருக்கிறாள். மேலே ஒரு சீட்டு: "அப்பா, சிஸ்டத்த இங்க வைங்க."

அதை எடுக்காதே. நானே அவளிடம் சொல்கிறேன். தலைக்கு ஒரு வழி பண்ணிவிட்டேன். அவளிடம் காட்டத்தான் முகம் இல்லை.