பெரிய சூப்பர்சார்ஜரும் பிரியாவின் காதுகுத்தும்

பிப்ரவரி 9

இன்று வண்டியைக் கோயம்புத்தூர்ப் பட்டறையில் விட்டுவிட்டு வந்தேன். கம்பெனியிலேயே போட்டு வந்த சூப்பர்சார்ஜரைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரியதை வெளியில் வாங்கிப் போடச் சொல்லியிருக்கிறேன்.

கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த வீட்டுக் கொட்டகையிலிருந்து நான் வாங்கிய வண்டி. எட்டு சிலிண்டர், பெட்ரோல், ஏழு பேர் காலை நீட்டி உட்காரலாம். சிங்கப்பூரில் இருக்கிற அந்த வீட்டுக்காரர் போனிலேயே விற்றார். இரண்டு வருஷமாகக் குடும்பத்தோடு எங்கே போனாலும் அதில்தான். குறை என்று ஒன்றும் இல்லை.

அப்புறம் எதற்கு இந்த வேலை? எனக்கு நானே பொய் எழுதி என்ன ஆகப் போகிறது. பொங்கலுக்கு மறுநாள் திருமயம் தாண்டி வரும்போது தங்கை வீட்டுக்காரர் கண்ணன், புதிதாக வாங்கிய பேட்டரி காரில், சத்தமே இல்லாமல் என்னைத் தாண்டிப் போனார். நான் மிதித்தேன். பிடிக்க முடியவில்லை. முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். "மச்சான், ஏசியை அணைச்சிட்டு வாங்க. கொஞ்சம் இழுக்கும்" என்றார். தங்கை துர்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் மடியில் இருந்த குழந்தையும், எதற்கு என்று தெரியாமலேயே சிரித்தது.

அவ்வளவுதான் காரணம்.

பிப்ரவரி 11

பட்டறைக்காரர் சகாய ஆண்டனி நம் பக்கத்து ஆள்தான், தேவகோட்டை. கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு வக்கீல் மாதிரிப் பேசுகிறார். சூப்பர்சார்ஜர் என்பது இஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிப்பது. பெரிதாகப் போட்டால் அதிகக் காற்று. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், அதற்கு வேறு பம்பு. அமுக்குகிற காற்று சூடாகும், அதைக் குளிர வைக்கத் தனி ரேடியேட்டர். "மூணும் சேந்தாத்தாண்ணே ஒரு வேலை" என்றார்.

சொன்னதை அப்படியே வாங்குகிற ஆளா நான்? கம்பி, சிமெண்டு வியாபாரம் முப்பது வருஷம். மூன்றில் ஒன்றைத் தட்டாமல் எழுந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ரேடியேட்டரை இப்போதைக்கு விடு என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"சரிண்ணே. ஆனா ஆள் ஏத்தி, ஏசி போட்டு, தூரமா மிதிச்சு ஓட்டாதீக. வெயிலுக்கு முன்னாடி ஒரு நாள் வந்து அதையும் மாட்டிட்டுப் போயிருங்க."

வருகிறேன் என்றேன். அவரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வந்த வேலையை விட அவருக்கும் மனசில்லை.

பிப்ரவரி 27

வண்டி வந்தது. விடிகாலையில் நான் மட்டும் குன்றக்குடி வரை போய் வந்தேன். அடடா! காலை வைத்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. வயசு இருபது குறைந்தது.

மனைவி வீரலட்சுமியை ஏற்றிக்கொண்டு கடைவீதி வரை போனேன். மிதிக்கும்போது ஊ என்று ஊளை. "உள்ள குக்கர் எதுவும் வச்சிருக்கீகளா? எத்தனை விசில்ல இறக்கணும்?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன்.

மார்ச் 16

கண்ணன் கண்ணில் படவே மாட்டேன் என்கிறார்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. துர்காவும் கண்ணனும் வெற்றிலைத் தட்டோடு வந்தார்கள். குழந்தை சத்தியப்பிரியாவுக்கு மே 28 காதுகுத்து. வேடசந்தூர் பக்கம் கண்ணன் வீட்டுக் குலசாமி கோயிலில்.

எட்டு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. "தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். மடி ஒங்களது. மொத நாள் சாயந்தரமே வந்து தங்கிருங்கண்ணே" என்றாள் துர்கா. அப்பா போனபோது அவளுக்கு ஆறு வயசு. படிக்க வைத்தது, கட்டிக் கொடுத்தது எல்லாம் நான். அவள் அப்படிச் சொன்னதும் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன்.

இங்கிருந்து சாக்கோட்டைக்குப் போகிறோம் என்றார்கள். பெரியப்பா மகன் இருளாண்டி அண்ணனையும் அழைக்க வேண்டுமாம். ஆட்டு வியாபாரி. அவரிடம் நான் பேசியே வருஷக்கணக்காகிறது. சண்டை ஒன்றும் இல்லை, நான் வளர்ந்தேன், அவர் அங்கேயே நின்றார். "அவரு எதுக்குத்தா?" என்று கேட்டேன். "அவரும் அண்ணந்தானே" என்றாள்.

கிளம்பும்போது கண்ணனிடம், "மாப்பிள்ளை, திண்டுக்கல் ரோட்டில ஒரு நாள் பாப்போம்" என்றேன். "தாராளமா மச்சான். நான் சார்ஜ் போட்டு வைக்கிறேன்" என்றார்.

ஏப்ரல் 30

சகாய ஆண்டனி போன். "வெயில் வந்துருச்சுண்ணே, எப்ப வாரீக?" கடையில் ஆள் இல்லை, ஜூனில் வருகிறேன் என்றேன்.

மே 26

பிரியாவுக்குத் தோடு வாங்கியாயிற்று. சின்னச் சிவப்புக் கல். சேலை, பழத்தட்டு, வெள்ளிக் கொலுசு, எல்லாம் வீரலட்சுமி அடுக்கிவிட்டாள்.

நாளைச் சாயங்காலமே கிளம்பலாம் என்கிறாள். நாளைக்குத்தான் கம்பி லோடு இறங்குகிறது, எடை பார்க்காமல் நான் எப்படிப் போக? முகூர்த்தம் ஒன்பதுக்கு மேல். காலையில் கிளம்பினால் போதும். "இந்த வண்டிக்கு இது ஒரு தூரமா?" என்றேன். அவள் தட்டுக்கு மேல் துணியைக் கட்டிக்கொண்டே, "காது வண்டிக்குக் குத்தலைங்க" என்றாள்.

மே 27

லோடு இறங்கியது. எடை சரியாக இருந்தது. மகனே பார்த்திருப்பான்.

மே 28

முடிஞ்சு போச்சு. இன்னைக்கு எழுதுறதுக்கு ஒண்ணும் இல்லை.

மே 29

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் பத்து நாளில் எனக்குச் சாதகமாக மாற்றிச் சொல்லப் பழகிவிடுவேன்.

வீட்டு ஆட்கள் ஏழு பேரும் ஏறி, பின்னால் சீர்த் தட்டுகள் அடுக்கி, விடிந்த பிறகுதான் கிளம்பினோம். சிங்கம்புணரி வரை நன்றாகத்தான் போனது. காலையிலேயே வெயில் சுட்டது, ஏசி முழுசாக ஓடியது. சிங்கம்புணரி தாண்டியதும் இழுவை குறைந்தது. மிதிக்கிறேன், வண்டி கேட்கவில்லை. இஞ்சினுக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். ஓரமாக நிறுத்தி ஆற வைத்தேன்.

அங்கேயே வண்டியை விட்டிருக்கலாம். மகன் சொன்னான், "அப்பா, வேற வண்டி பிடிச்சிருவோம்" என்று. நான்தான், இந்த வண்டியை ரோட்டில் போட்டுவிட்டு வாடகைக் காரில் போய் இறங்கினால் கண்ணன் என்ன சொல்வார் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். குழந்தையை நினைக்கவில்லை.

கிளப்பினேன். விட்ட நேரத்தைப் பிடிக்க மறுபடி மிதித்தேன். நத்தத்துக்கு முன்னால் டொப்பென்று ஒரு அடி. பின்னால் ரோடே தெரியாத அளவுக்குப் புகை. வண்டி நின்றுவிட்டது.

முகூர்த்த நாள். எந்த ஸ்டாண்டுக்குப் போன் போட்டாலும் வண்டி இல்லை. கண்ணனுக்குப் போன் போட்டேன். நாதஸ்வரச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "எங்க வாரீக மச்சான்? பக்கத்துல வந்துட்டீகளா?" என்றார். வந்துவிட்டோம் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? பக்கத்திலா இருந்தேன்? நிஜத்தைச் சொல்லியிருந்தால் அவரே ஆள் அனுப்பியிருப்பார். அந்தப் பேட்டரி காரே வந்திருக்கும்.

கடைசியில் மாங்காய் ஏற்றிப் போன ஒரு மினி லாரிக்காரன் இரக்கப்பட்டான். பட்டுச் சேலையோடு பெண்கள் முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். நானும் மற்றவர்களும் பின்னால் கூடைகளுக்கு நடுவில், மடியில் சீர்த் தட்டோடு. வழியெல்லாம் லாரிக்காரன் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோயிலில் பந்தி ஓடிக்கொண்டிருந்தது.

பிரியா மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, அழுது ஓய்ந்த முகத்தோடு, இருளாண்டி அண்ணன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன. சோற்றுப் பருக்கை அளவுக்குச் சின்னதாக ஒரு தோடு. அவர் கையோடு கொண்டுவந்தது. ஆட்டுக்காரர். முதல் நாள் சாயங்காலமே வந்து கோயில் மண்டபத்தில் படுத்திருந்தாராம்.

துர்கா என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று நின்றேன். கத்தவில்லை. "சாப்பிட்டுப் போங்க" என்றாள். வந்தவர்களுக்கெல்லாம் சொல்கிற மாதிரி.

ஜூன் 12

பட்டறையிலிருந்து படம் அனுப்பியிருக்கிறார் சகாய ஆண்டனி. பிஸ்டன் இரண்டில் ஓரம் உருகி உடைந்திருக்கிறது. காற்றின் சூட்டில் பெட்ரோல் நேரத்துக்கு முன்னாலேயே வெடித்திருக்கிறது. "ரேடியேட்டர்" என்று ஒரே ஒரு வார்த்தை கீழே எழுதியிருந்தார். போன் போட்டு, "வேலையே வேணாம்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமேய்யா" என்றேன். "சொன்னா கேட்டிருப்பீகளாண்ணே?" என்றார்.

இன்சூரன்சில் கேட்கவும் வழியில்லை. மாற்றிப் போட்டதை அவர்களிடம் நான் சொல்லவே இல்லை.

ஜூன் 20

பிரியாவுக்கு நாங்கள் வாங்கிய சிவப்புக் கல் தோட்டை வீரலட்சுமி கூரியரில் அனுப்பினாள். திரும்பி வந்துவிட்டது.

ஜூலை 8

துர்கா என் போனை எடுப்பதில்லை. வீரலட்சுமியிடம் பேசுகிறாள். அடுப்படியில் பேச்சுக் கேட்கும், நான் போய் நின்றதும் "சரித்தா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாள். என் வீட்டில் எனக்கு ஒளித்து ஒரு பேச்சு.

யாராவது திட்டினால் தேவலை. கண்ணன்கூட வண்டியைப் பற்றி ஒரு கேலி பேசவில்லை. நேற்று அவரிடம் பேசினேன். "விடுங்க மச்சான்" என்று மட்டும் சொன்னார். அந்த டீக்கடைக் கேலியையே இன்னொரு தடவை பேசியிருந்தால் கொண்டாடியிருப்பேன்.

ஆகஸ்ட் 3

வேறு இஞ்சின் தேடிப் போடலாம் என்றார் சகாய ஆண்டனி. வேண்டாம், இருக்கிறபடியே யாராவது கேட்டால் கொடுத்துவிடு என்றேன். விலை கேட்டார். நீயே பார்த்துச் சொல் என்றேன். என் வாயால் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

செப்டம்பர் 14

சாக்கோட்டைக்குப் போனேன். இருளாண்டி அண்ணன் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். "வா தம்பி, கவனமா வா, புழுக்கையா கெடக்கு" என்றார். கட்டிலைத் தட்டி உட்காரச் சொன்னார்.

அவராகச் சொன்னார்: "நான் மாட்டேன்னுதான் சொன்னேன். தம்பி வந்துரும், பொறுங்கன்னேன். பூசாரி நேரம் முடியுதுன்னு அவசரப்படுத்துறாரு. துர்கா வாசலையே பாத்துக்கிட்டு நிக்குது. கடேசில அதுதான் வந்து எங்கையப் பிடிச்சுச்சு. 'ஒக்காருங்கண்ணே'ன்னுச்சு. அது மொகத்தப் பாத்துட்டு எப்படி மாட்டேங்குறது?"

தழையை இறுக்கிக் கட்டிவிட்டு, "பிள்ளை எம்மடியில இருந்துக்கிட்டு வண்டி மாமா எங்கன்னு கேட்டுச்சுப்பா" என்றார்.

வண்டி மாமா. எனக்கு அதுதான் பெயராம். எனக்கு இன்றுதான் தெரியும்.

அவர் கையைப் பிடித்து, நீங்கள் உட்கார்ந்தது நல்லது என்றேன். பாதி மனசோடுதான் சொன்னேன். சொன்ன பிறகு மீதியும் வந்தது. துர்காவிடம் பேசச் சொல்லிக் கேட்டேன். "நான் பேசி என்ன? நீ போ. வாசல்ல போய் நில்லு. தங்கச்சிதானே" என்றார்.

அக்டோபர் 19

திண்டுக்கல் போய் வந்தேன். நானும் வீரலட்சுமியும் மட்டும்.

கதவைத் திறந்த துர்கா வீரலட்சுமியைக் கட்டிக்கொண்டாள். என்னை உட்காரச் சொன்னாள். காப்பி வைத்தாள். பிரியா மொட்டையில் முடி வளர்ந்து குருவிக் கூடு மாதிரி நிற்கிறது. காதில் அதே பருக்கைத் தோடு. தூர நின்று பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு உள்ளே ஓடிவிட்டாள்.

"தப்புத்தான் ஆத்தா" என்றேன். "வண்டி ஆசையிலதான் நேரத்துக்கு வராமப் போயிட்டேன்."

துர்கா உட்காரவே இல்லை. சுவரில் சாய்ந்தபடி சொன்னாள்: "வண்டி கெட்டுப்போனதுக்கு நான் கோவிக்கலைண்ணே. அது யாருக்கும் ஆகும். பக்கத்துல வந்துட்டேன்னு சொன்னீக பாருங்க. அதை நம்பி நான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ரோட்டு வரைக்கும் வந்து நின்னேன். மொட்டை போட்டு, பச்சத் தலையில வெயில் சுட்டு, அது அழுக அழுக நின்னேன். எட்டு வருஷம் பிள்ளை இல்லையான்னு கேட்டவளுக எல்லாம் அன்னைக்கும் கேட்டாளுக. மாமன் வரலையா, மாமன் வரலையான்னு."

கண்ணன் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். தேவையே இல்லை, அது முன்பே வேகமாகத்தான் ஓடியது.

"உறவு வேணும்னுதான் எனக்கும் இருக்கு" என்றாள். "ஆனா இனிமே இப்படித்தான்" என்று ஒரு ஏற்பாட்டைச் சொன்னாள். நான் சரி என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். யோசித்துவிட்டேன் என்றேன். அதன் பிறகுதான் இலை போட்டாள்.

பேசி முடித்தது இதுதான்: பிரியாவுக்கு இனி சடங்கோ கல்யாணமோ எது நடந்தாலும், தாய்மாமன் என்று முதல் மாலை இருளாண்டி அண்ணனுக்கு. என் மாலை அதற்குப் பிறகு. சீர்த் தட்டும் அந்த வரிசையில்தான் உள்ளே போகும்.