விழா முடிந்த மறுநாளிலிருந்து

அன்புள்ள மகளுக்கு,

உன் இருமல் நின்றிருக்கும், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நானாகவே எண்ணிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. தெருச் சங்கத்தின் ஆண்டு விழா ஞாயிறோடு முடிந்தது. சரவிளக்குகளைக் கழற்றிவிட்டார்கள், வாடகை நாற்காலிகள் வண்டியேறிவிட்டன, ஒலிபெருக்கி ஓய்ந்து தெருவே காதடைத்தாற்போல் கிடக்கிறது. எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். அப்பாவும் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கத் திரும்பிவிட்டார், எனக்குப் பயம் அதுதான்.

சங்கத்துக் குழுவில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, அப்பா மேடையில் கலக்கிவிட்டார், நீதான் வீணாகப் பயப்படுகிறாய் என்று எழுதியிருந்தாய். இன்னொரு தடவை பார். பரிசுக் குலுக்கலில் ஒரு சீட்டை எடுத்து வீட்டு எண்ணை வாசிக்கிறார். அதே சீட்டை அதே குரலில் மறுபடி வாசிக்கிறார். மூன்றாம் முறையும் வாசித்ததும், "நம்ம ஆளு ஆரம்பிச்சுட்டாருய்யா" என்று யாரோ கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. பரிசு விழுந்த தையல்காரரும் ஒவ்வொரு முறையும் எழுந்து கும்பிடு போடுகிறார். அவர்கள் சிரித்த பிறகுதான் அப்பா சிரிக்கிறார். அதற்கு முன்னால் அந்த முகத்தைப் பார். அவர் வேடிக்கை செய்யவில்லை.

ஊரைச் சிரிக்க வைத்தே பழகிய மனிதர் என்பது இப்போது எங்களுக்கு வினையாகிவிட்டது. மருத்துவரிடம் கூட்டிப்போனேன். இன்று என்ன கிழமை என்று கேட்டதற்கு, கிழமை எல்லாம் வீட்டுக்காரம்மா பொறுப்பு டாக்டர், எனக்குச் சாப்பாட்டு நேரம் மட்டும்தான் தெரியும் என்றார். மருத்துவர் சிரித்து, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டு அக்காவிடம் மனம்விட்டுச் சொன்னால், மேடையில் அந்தப் போடு போட்டவருக்கா மறதி, நீங்கள்தான் ரெண்டு நாள் நல்லாத் தூங்க வேண்டும் என்கிறார். அடுத்த வருஷமும் அப்பாதான் தொகுத்துப் பேச வேண்டும் என்று சங்கத்தில் முடிவாகிவிட்டதாம்.

அதனால் விழா முடிந்த மறுநாளிலிருந்து கல்லூரி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, காலை முதல் மாலை வரை மருந்துக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வயதிலும் இவ்வளவு பாசமா என்று முதலாளி கிண்டல் செய்கிறார். யார் விஷயத்திலும் தலையிடாத நான், வெளியே போகிறவர்களை நிறுத்திப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கி, மருந்துச் சீட்டோடு ஒத்துப் பார்க்கிறேன். நேற்று ஒரு பெரியவருக்குப் போன சர்க்கரை மாத்திரை எழுதியிருந்ததைவிட இரண்டு மடங்கு வீரியம். கவர் கிழிந்திருக்கிறது என்று பொய் சொல்லி வாங்கி அப்பாவிடம் நீட்டினேன். சீட்டைப் பார்த்தார், மாத்திரையைப் பார்த்தார், மாற்றிக் கொடுத்தார். பெரியவர் தலை மறைந்ததும் என் பக்கம் குனிந்து, "நீ எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கன்னு எனக்குத் தெரியும். எழுந்து மட்டும் போயிடாத" என்றார்.

அதன் பிறகு எனக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. என் கண்ணுக்குத் தப்பி ஒரு பொட்டலம் போனால் யார் வீட்டில் இழவு விழுமோ. நாளைக் காலை கடை திறந்ததும் முதலாளியிடம் நானே சொல்லிவிடப் போகிறேன். என்னிடம் கெஞ்சிய மனிதரை நானே காட்டிக்கொடுக்கிறேன் என்று தெரிந்துதான் சொல்லப் போகிறேன். வீட்டில் சும்மா உட்கார வேண்டிவரும் அவரை என்னால் தனியாகத் தாங்க முடியாது. உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன், வந்துவிடு. உன் வேலை, விடுப்பு, அலைச்சல் எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். போனில் பேசிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லாதே, போனில் அவர் நன்றாகவே பேசுவார்.

நீ எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இரு, உனக்கு எந்தத் தீங்கும் வராது. வெந்நீர் குடி, தலையை ஈரமாக வைத்துக்கொண்டு வெளியே போகாதே. எப்போது வருகிறாய் என்று எனக்கு மட்டும் எழுது. கதவைத் திறக்கும் அப்பா உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் காலத்திலேயே வந்து சேர்.

உன் அம்மா