ஒன்பது இலட்சத்துக் கோலி

2024 ஒக்ரோபர் 5, சனி

இன்று நான் ஒரு ஐஸ் ஹொக்கி அணிக்கு முதலாளியானேன். ஐஸை மீன்கடையில் மட்டுமே கண்டவள். ரொறன்ரோவில் அண்ணை குகதாசன் நடத்தும் குடும்பப் போட்டியில் ஓராள் குறைந்ததாம். அவரின் மகள் அஜந்தா என்னைச் சேர்த்துவிட்டாள். நிசமான ஆட்டக்காரரைப் பொறுக்கி இணையத்தில் அணி கட்ட வேண்டும். அவர்கள் அங்கே விளையாடினால் எங்களுக்குப் புள்ளி.

"அப்பாவுக்குச் சொன்னனியோ?" என்று கேட்டேன்.

"சொன்னனான் மாமி. அவர் ஒண்டும் சொல்லேல்லை."

ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் அண்ணைக்குப் பதினொரு வருடப் பழக்கம். கோயிலை விட்டுத் தேவாலயம் போகிற வேதக்காரரான மடுத்தீனை நான் கட்டிய நாளிலிருந்து.

ஒக்ரோபர் 8, செவ்வாய்

விதிகள் வந்தன. எல்லா ஆட்டக்காரரின் சம்பளமும் பத்துக் கோடி டொலருக்குள் அடங்க வேண்டும். ஒருவன் ஓர் அணிக்கு மட்டும்தான். எல்லாம் பொய்ப்பணம். ஆனாலும் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். கோல் காப்பவனைக் கோலி என்கிறார்கள். நல்ல கோலி ஒருவனே ஒரு கோடியை விழுங்கிவிடுகிறான்; அவன் சறுக்கினால் வாரமே போச்சு.

இவர் உணவகத்துச் சமையல் வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசித்தார்.

"ஒரே சமையல்காரனை நம்பிக் கடை திறக்கேலாது. மலிவா மூண்டு பேரை எடும்."

எடுத்தேன். மூன்றாமவனுக்கு ஒன்பது இலட்சம். அண்ணை தன்னுடைய கோலிக்கு மட்டும் ஒரு கோடி நாற்பது இலட்சம் கொடுத்திருக்கிறார். அண்ணை எதையும் பெரிதாகத்தான் செய்வார்.

நவம்பர் 13, புதன்

எட்டுப் பேரில் ஏழாம் இடம். எட்டாமவர் கடவுச்சொல்லை மறந்தவர்.

டிசம்பர் 8, ஞாயிறு

நாலாம் இடம்! மலிவுக் கோலிகள் ஆளாளுக்கு வெல்கிறார்கள். நான் வேலை செய்யும் பயண நிலையத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு யாழ்ப்பாணம் போக ரிக்கற் போடும்போது "கோலி எத்தனை பேர்?" என்று கேட்டுவிட்டேன்.

2025 ஜனவரி 12, ஞாயிறு

அண்ணையின் கோலிக்கு முழங்கால் போய்விட்டது. பருவம் முழுக்க வரமாட்டானாம். காயப்பட்டவனின் சம்பளமும் வரம்புக்குள் நிற்கும் என்பது அண்ணையே போட்ட விதி. கையில் மிஞ்சியது பத்து இலட்சம். அந்த விலைக்குள் விளையாடும் கோலி எட்டு அணியிலும் ஒருவன்தான் — என்னுடைய மூன்றாமவன்.

இன்று காலை போனில் ஒரு செய்தி. அண்ணை.

"உன்ரை மூன்றாவது கோலியைத் தருவியோ?"

பதினொரு வருடத்துக்குப் பிறகு முதல் வசனம். சுகமோ இல்லை, இருக்கிறியோ இல்லை. கோலி!

ஜனவரி 15, புதன்

மூன்று நாள் பதில் போடவில்லை. ஏன் போட வேண்டும்? என்ரை கலியாணத்துக்கு ஒரு வாழ்த்து மட்டை அனுப்பினவரோ? எங்கடை மகள் பிறந்தபோது சுகம் கேட்டவரோ?

"குடுமப்பா," என்றார் இவர். "அண்ணை வாய் திறந்து கேட்டிட்டாரெல்லே."

"கோலியைத்தானே கேட்டவர்."

"எங்கையாவது துவங்கத்தானே வேணும்."

"ஓம். என்ன தருவியள்?" என்று எழுதினேன். ஒரு தாக்குதல் ஆட்டக்காரனைத் தந்தார். கோலி போனான்.

மார்ச் 2, ஞாயிறு

அண்ணை இப்போது வாரத்துக்கு இரண்டு தரம் எழுதுகிறார். எல்லாம் ஹொக்கி. இன்று: "மலிவாய் மூண்டு கோலி எடுக்கிற யோசனை ஆரின்ரை?"

"இவரின்ரை," என்று எழுதினேன்.

மார்ச் 5, புதன்

பதில் இல்லை. எழுதியிருக்கக் கூடாதோ?

மார்ச் 6, வியாழன்

"கெட்டிக்காரன்." அந்த ஒரு சொல்தான். இவரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு வெங்காயம் வெட்டப் போனார். காலையில் அரிந்த வெங்காயமே கிண்ணம் நிறைய இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

அரையிறுதியில் அண்ணையிடம் தோற்றேன். கடைசி ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடாமல் அவரை வெல்ல வைத்தவன், என்னுடைய ஒன்பது இலட்சத்தான்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. பகல் மூன்று மணிக்கு அண்ணை போன் அடித்தார். என் கை முழுக்க மா, இவர்தான் எடுத்தார். "ஓம், நான்தான்," என்றார். பிறகு இவர், "இல்லை மச்சான், கோலிக்குப் பத்திலை ஒரு பங்குக்கு மேலை குடுக்கக் கூடாது," என்றார். அங்கிருந்து அண்ணை கத்துவது எனக்கே கேட்டது.

நாற்பது நிமிடம். முடிந்ததும் போனை மேசையில் வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"ஐயோ, உமக்குத் தர மறந்துபோனன்."

"அண்ணை என்னைக் கேட்டவரோ?"

"இல்லை. அவரும் மறந்துபோனார்."

கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் நான் அந்த நாற்பது நிமிடமும் குசினிக் கதவோரம் மாக்கையோடு நின்று, இரண்டு பேரும் சண்டை பிடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.